மாணிக்கம் இன்னும் மலையில்தான் இருக்கிறான்

சாவு வீட்டுக்கு இப்போதெல்லாம் உறவுக்காரர்களுக்கு முன்னால் வந்துவிடுவது ஐஸ் பெட்டிதான். எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் வந்தது. என் கணவரை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து இறக்கிவிட்டு ஆம்புலன்ஸ் தெரு முனையைக்கூடத் தாண்டியிருக்காது, குட்டியானை வண்டியில் பெட்டியோடு இரண்டு பேர் வந்து நின்றார்கள். "பிளக் பாயிண்ட் எங்கக்கா இருக்கு?" என்று கேட்டார்கள். நான்தான் எழுந்து போய் டிவி வயரைப் பிடுங்கிவிட்டு இடத்தைக் காட்டினேன். வேறு யாருக்கும் அந்த நேரத்தில் கை கால் ஓடவில்லை. எனக்கு நன்றாகவே ஓடியது.

அவரை உள்ளே படுக்க வைத்துக் கண்ணாடியை மூடினார்கள். நான் கண்ணாடி மேல் கையை வைத்தேன். இதோ அழப்போகிறாள் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. சில்லென்று இருந்தது. அப்போது மூக்குக்கு வந்தது என்ன தெரியுமா? ஸ்டேஷன் ரோட்டில் முன்பு இருந்த ஐஸ் பேக்டரியின் அம்மோனியா வாடை. அழுகை வரவில்லை, அந்த வாடைதான் வந்தது. உங்களிடம் மறைப்பானேன், இன்றுவரை நான் அப்படியேதான் இருக்கிறேன்.

நான் கதை எழுதுகிறவள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்திருக்க நியாயமும் இல்லை. பஸ் ஸ்டாண்டு கடைகளில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்களே, அந்த மாத நாவல்கள்தான் என் உலகம். அட்டையில் ஒரு பெண் கண்ணீரோடு இருப்பாள், உள்ளே அவள் மாமியார் இருப்பார். திண்டுக்கல்லில் பஸ் ஏறும்போது பிரித்தால் வத்தலக்குண்டு வருவதற்குள் முடித்துவிடலாம். இறங்கும்போது சீட்டிலேயே விட்டுவிட்டும் போய்விடுவார்கள். இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. என் கணவர் அந்த ரூட்டில் கண்டக்டர். கடைசி டிரிப் முடிந்து வரும்போது என் புத்தகங்களையே பொறுக்கிக்கொண்டு வந்து என்னிடம் தருவார். "ரைட்டரம்மா, ஒம் பிள்ளைகள பஸ்ஸுல தொலைச்சிட்டுப் போயிட்டாங்க, பத்திரமா வையி" என்பார்.

அடுப்படியில்தான் எழுதுவேன். திண்டுக்கல் மலைக்கோட்டைக்குக் கீழே எங்கள் வாடகை வீடு. அடுப்புக்கு நேராக ஒரு ஜன்னல், ஜன்னல் நிறைய அந்த மொட்டைப் பாறை. வருஷக்கணக்காக அதைப் பார்த்துக்கொண்டு சாம்பார் கிண்டினேன். வெயிலில் அதன் நிறம் எத்தனை விதமாக மாறும் என்று எனக்கு அத்துப்படி. ஆனால் மாமியார் கதையில் பாறைக்கு என்ன வேலை?

அப்படி இருக்கும்போதுதான் மதுரையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு வாரப் பத்திரிகையின் ஆசிரியர், சாகசத் தொடர் ஒன்று அவசரமாக வேண்டும் என்று எழுத்தாளர்கள் எல்லோருக்கும் எழுதினார். வழக்கமாக எழுதுகிறவருக்கு உடம்பு சரியில்லையாம். இமயமலை ஏறும் கதை எழுதுகிறேன் என்று மறுநாளே பதில் போட்டேன். எந்தத் தைரியத்தில் போட்டேன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை. பனியை நான் பார்த்ததில்லை. கொடைக்கானலுக்கு ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன், அதுவும் குழந்தையின் வாந்தியைத் துடைத்துக்கொண்டே. பொம்பளை பேரில் மலையேற்றக் கதை வந்தால் எவனும் நம்பமாட்டான் என்று ஆசிரியர் எனக்கு மீசை வைத்த மாதிரி ஒரு புனைபெயர் வைத்தார். வாசகர்கள் 'அன்புள்ள ஐயா' என்று கடிதம் எழுதினார்கள். 'ஐயாவுக்குத் தபால்' என்று என் கணவர் நீட்டுவார்.

முதல் அத்தியாயத்தில் குளிரைப் பற்றி எழுத வேண்டி வந்தது. நம்மூரில் குளிர் என்றால் என்ன? மார்கழியில் பாட்டிலில் தேங்காய் எண்ணெய் உறையும், அவ்வளவுதான். ஆகவே நானும் மனசார எழுதினேன்: 'அங்கே குளிர் எவ்வளவு கடுமையென்றால், அவர்கள் கொண்டுபோயிருந்த தேங்காய் எண்ணெய் உறைந்துவிட்டது.' ஆசிரியர் அந்த வரியைச் சுழித்து, 'அம்மா, அங்கே மனிதனே உறைந்துபோவான்' என்று எழுதித் திருப்பி அனுப்பினார். எனக்கு அவமானமாக இருந்தது. என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "ஒனக்குத் தெரியலன்னா என்னைய அனுப்பு. போயிப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றார்.

இமயமலைக்கு எங்கே அனுப்புவது? மலைக்கோட்டைக்கு அனுப்பினேன். ஒரு நாள் டூட்டி, ஒரு நாள் ஓய்வு என்பது அவர் வேலை. ஓய்வு நாளில் ரேஷன் அரிசி மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு, உச்சி வெயிலில் பாறையின் படிகளில் ஏறினார். மேலே போய் மூச்சு எப்படி வாங்குகிறது, காது அடைக்கிறதா, என்ன நினைப்பு வருகிறது என்று பார்த்து வந்து எனக்குச் சொல்ல வேண்டும். வழியில் ஒருவர், "என்னண்ணே, வேண்டுதலா?" என்று கேட்டிருக்கிறார். "ஆமா, எம் பொண்டாட்டி வேண்டுதல்" என்று சொல்லிவிட்டு ஏறியிருக்கிறார். உச்சியில் என்ன நினைப்பு வந்தது என்று கேட்டேன். "சோறு நெனப்புதான் வந்துச்சு. வேறென்ன வரும்?" என்றார். அதை அப்படியே எழுதினேன். அந்த அத்தியாயத்துக்குத்தான் நிறையக் கடிதம் வந்தது.

கதையில் இரண்டு பேர் மலை ஏறுகிறார்கள். ஒருவன் பிரதாப். உயரம், அகன்ற மார்பு, ஊரில் காத்திருக்கும் காதலி எல்லாம் உண்டு. அவனை நான் எங்கேயும் பார்த்ததில்லை. இன்னொருவன் மாணிக்கம். குள்ளம், தொந்தி, ஓயாத பேச்சு. கூடாரத்தைவிட்டுக் கிளம்பும்போது இருப்பது இரண்டே பேர் என்றாலும் தலையை எண்ணிப் பார்த்துவிட்டு "போலாம் ரைட்" என்பான். ஆசிரியர் அதை 'புறப்படலாம்' என்று திருத்திவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு ரசத்தில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. மாணிக்கம் யார் என்று என் கணவருக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை. வியாழக்கிழமை பஸ் ஸ்டாண்டு கடையில் பத்திரிகை வந்ததும் முதல் பிரதி அவர் கையில்தான். பிரதாப் வருகிற பக்கங்களைத் தள்ளிவிட்டு மாணிக்கத்தைத் தேடிப் படிப்பார்.

கதை சூடுபிடிக்க வேண்டிய இடத்தில் மாணிக்கத்தைப் பனிப்பிளவுக்குள் விழவைத்தேன். மேலே பிரதாப் கயிற்றைப் பிடித்திருக்கிறான். கீழே இடுக்கில் மாணிக்கம், கைகள் இரண்டும் பனிச்சுவரில். அந்தக் கைகளுக்கு என்ன ஆகும்? இதற்கு மலைக்கோட்டை உதவாது. அப்போதுதான் அவர் ஐஸ் பேக்டரியைச் சொன்னார். அங்கே மேனேஜராக இருந்தவர் அவர் பஸ்ஸில் வழக்கமாக வருகிறவர்.

சித்திரை மாதம். வெளியே தார் உருகுகிறது. உள்ளே அம்மோனியா வாடையும் ஈரச் சாக்கு வாடையும். என் கணவர் ஒரு முழு ஐஸ் கட்டியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு குத்தவைத்தார். நான் எதிரே ஒரு சோடாப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு, பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன். மேனேஜர் எட்டிப் பார்த்து, "என்ன கண்டக்டரே, வீட்ல தண்டனையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"எப்படி இருக்கு?" என்று நான் கேட்டேன்.

"எப்படி இருக்கும்? ஐஸாத்தான் இருக்கு."

"வெளையாடாதீங்க. எழுதணும்."

"சுடுது புள்ள. நெசமாத்தான் சொல்றேன். அடுப்புல வச்ச மாதிரி சுடுது."

எழுதிக்கொண்டேன். கொஞ்சம் பொறுத்துத் திரும்பக் கேட்டேன். எலும்புக்குள் கடுக்கிறது என்றார். அதையும் எழுதிக்கொண்டேன். முகம் சுருங்கியிருந்தது. பிறகு அதுவும் தெளிந்தது. அவர் கைகளை ஏதோ அடுத்தவர் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப?"

"இப்ப ஒண்ணுமில்ல. சொகமா இருக்கு. ஐஸ் எது கை எதுன்னே தெரியல. எடுக்கணும்னே தோணல."

போதும், எடுங்கள் என்றேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அந்தக் கடைசி வார்த்தைகளைத்தான் மாணிக்கத்தின் வாயில் போட்டு அந்த வார அத்தியாயத்தை முடித்தேன். நான் எழுதியதிலேயே நல்ல இடம் அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அடுத்த வியாழக்கிழமை அவர் வெறுங்கையோடு வந்தார். "இந்த வாரம் வரலையாம்" என்றார். அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை. பத்திரிகை தற்காலிகமாக நிறுத்தப்படுகிறது என்று ஆசிரியரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. அந்தத் தற்காலிகம் இன்னும் முடியவில்லை. நான் மாமியார்களிடம் திரும்பிப் போனேன். அவர்களை எழுதுவதற்கு ஐஸ் தேவையில்லை.

அவர் மட்டும் விடவில்லை. நான் பேனாவை எடுத்து உட்காரும்போதெல்லாம், "என்ன, மாணிக்கத்த எறக்கிட்டியா?" என்று கேட்பார். "பத்திரிகை வரட்டும்" என்பேன். "பாவம்டி, செத்த நேரம் ஒக்காந்தா எழுதிரலாம்ல. அம்புட்டு நாளா ஐஸுக்குள்ள கெடக்கான்" என்பார். வீட்டில் அது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. எங்கள் மகள் காலேஜ் படிக்கும்போது கரண்ட் போனாலும் கேஸ் தீர்ந்தாலும் "மாணிக்கம் எறங்குறப்ப வந்துரும்" என்பாள். அவர் ரிட்டயர் ஆனார். மகளுக்குக் கல்யாணம் ஆனது. மாத நாவல்கள் நின்றன, நானும் நின்றேன். போன மாதத்துக்கு முந்தின மாதம் ஒரு காலையில் பால் பாக்கெட்டை அடுப்படியில் வைத்துவிட்டு, நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு என்றார். பெரியாஸ்பத்திரி போய்ச் சேரும்போது அவர் இல்லை.

ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்திருந்த என் ஓரகத்தி, அவர் தம்பி மனைவி, பக்கத்திலேயே இருந்தாள். "ஏனுங்க்கா, வாய் உட்டு அழுதுருங்க. உள்ளயே வெச்சிருந்தா ஒடம்புக்கு ஆகாதுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அழக்கூடாது என்று எனக்கு ஒன்றும் விரதமில்லை. வரவில்லை, அவ்வளவுதான். கல்லறையில் மண் போட்டபோதும் வரவில்லை. சர்ச்சில் முப்பதாம் நாள் பூசையில் சாமியார் அவர் பேரைச் சொன்னபோது, மைக் கொஞ்சம் இரைகிறதே என்றுதான் நினைத்தேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். தூக்கம்கூட நன்றாக வருகிறது. எனக்கு என்னைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

பூசை முடிந்த வாரத்தில் சென்னையிலிருந்து ஒருவர் போன் செய்தார். கதைகளைக் குரலில் பதிவுசெய்து செல்போனில் கேட்கக் கொடுக்கிற கம்பெனியாம். அவருடைய அப்பா என் தொடரை வாரா வாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்திருக்கிறார். மீசைப் பெயருக்குப் பின்னால் இருப்பது நான்தான் என்று மகன் எப்படியோ விசாரித்துப் பிடித்துவிட்டார். "அப்பா கடைசிவரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாரும்மா, அந்த மாணிக்கம் என்ன ஆனான்னு. முடிவு மட்டும் எழுதிக் குடுத்துருங்க" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். எனக்கே ஆச்சரியம். என் கணவர் கேட்ட ஒரே கதை, அதையாவது முடித்துவிடலாம் என்றிருந்தது.

உட்கார்ந்தேன். பிரதாப் கயிற்றை இழுத்தான், மாணிக்கம் மேலே வந்தான். பிரதாப் அவனைக் கூடாரத்துக்குக் கொண்டுபோனான், ஸ்டவ் பற்றவைத்தான், வெந்நீரில் துணியை நனைத்து மாணிக்கத்தின் கைகளைச் சுற்றினான். இதுவரை தடையில்லாமல் வந்தது. அப்புறம் மாணிக்கத்துக்கு எப்படி இருந்தது? அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது.

ஐஸ் பேக்டரியிலிருந்து வீட்டுக்கு வந்த அந்தப் பகலை நினைத்துப் பார்த்தேன். அவர் கட்டில் விளிம்பில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் அக்குளுக்குள். நான் அடுப்படியில் அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருந்தேன். காபி போடவா என்று கேட்டதற்கு, "செத்த இரு" என்றார். திரும்பிப் பார்த்தபோது தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. குளிர் இன்னும் போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சித்திரை வெயிலில், ஃபேன் கொதிக்கிற காற்றை இறைத்துக்கொண்டிருக்கிற வீட்டில் யாருக்குக் குளிரும்? வலி. மரத்துப்போன கைக்கு உயிர் திரும்பும்போது வருகிற வலி. மறுநாள் டூட்டி முடிந்து வந்து, டிக்கெட் கிழிக்க விரல் வரவில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நான் அப்போதும் கேட்கவில்லை. மாணிக்கம் மேலே வர இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, எழுதும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

மகளிடம் சொன்னேன். "செல்லுல தேடிப் பாரும்மா, எல்லாம் வரும்" என்றாள். வந்தது. ஊசி குத்துவதுபோல் இருக்குமாம், எரியுமாம். யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் சொல்லவில்லை. சோறு நினைப்புதான் வந்தது என்று சொன்ன மனுஷன் இதற்கு என்ன சொல்லியிருப்பார் என்று எந்தச் செல்லில் தேடுவது?

ஐஸ் பேக்டரி இருந்த இடத்தில் இப்போது பைக் ஸ்டாண்டு. பஸ் ஸ்டாண்டு கடையில் பத்திரிகை தொங்கிய கம்பியில் சிப்ஸ் பாக்கெட்டுகள். கண்டக்டர்கள் டிக்கெட் கிழிப்பதில்லை, மெஷின் துப்புகிறது. இதெல்லாம் போனதில் எனக்கு வருத்தம் ஏதும் இல்லை. இப்போதைக்கு எனக்கு எதிலுமே இல்லை என்பதுதான் விஷயம்.

நேற்று அந்தச் சென்னைக்காரர் மறுபடியும் போன் செய்தார். இன்னும் ஆகவில்லை, அந்த வலி எனக்கு வந்தால்தான் எழுத முடியும் என்றேன். எப்பம்மா வரும் என்று மெதுவாகக் கேட்டார். தெரியவில்லை என்றேன். கையை ஐஸிலிருந்து எடுத்த பிறகு வலி வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று நான் என் கணவரைக் கேட்கவே இல்லை.