வள்ளியம்மாவின் பலப்பத்தில் களிமண் வைத்த சவரிமுத்து

ஒரு பிள்ளையின் பெயரைப் பள்ளிக்கூட ரெஜிஸ்டரில் அடித்துவிட்டார்கள். அவளுக்காகக் கேட்கப் போன மனுஷனை வாசலில் நிற்க வைத்து அவமானப்படுத்தினார்கள். அந்த மனுஷன் இன்று விடிகாலையில் செத்துப்போனான்.

சவரிமுத்து... தங்கச் சுரங்கத்தில், நந்திதுர்க் ஷாஃப்டில் இறங்கினவன். எங்கள் கூலி லைனில் எனக்கு அடுத்த வீடு. பாறைத் தூசி இருமல்தான் கொண்டுபோனது.

காலையிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. இதை இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். லைன் கடைச் சுவரில் ஒட்டுகிறேன், படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள்.

பிள்ளை என் தம்பி மகள் வள்ளியம்மா. ஒன்பது வயது. தம்பி இறந்தபின் என் வீட்டில் வளர்கிறாள்.

வாயால் கேட்டால் பாடம் முழுக்கச் சொல்வாள். சிலேட்டில் எழுதச் சொன்னால் போச்சு... ஒரு எழுத்து மேலே ஏறும், ஒன்று கீழே விழும். நாளுக்கு ஒரு பலப்பம் உடையும்.

நான் யாரிடமும் படித்தவன் இல்லை. சாமான் பெட்டிகள் மேல் இருக்கிற எழுத்தைப் பார்த்துப் பார்த்து நானாகக் கற்றேன். எனக்கு வந்தது இவளுக்கு ஏன் வராது? ஒவ்வொரு எழுத்தையும் நூறு தடவை எழுத வைத்தேன். கோணினால் விரல் மூட்டில் ஒரு அடி.

ஷிப்ட் முடிந்து வந்த சவரி ஒருநாள் என் கையிலிருந்த குச்சியைப் பிடுங்கி அடுப்பில் போட்டான்.

“எழுத்த இன்னாத்துக்குண்ணே பாக்கற? வெரலப் பாரு. புதுசா எறங்கறவன் ஏணியப் புடிக்கற மாரி புடிச்சிக்கினு கீது. கை மரத்துப் போவாதா?”

பார்த்தேன். நகமெல்லாம் வெளுத்திருந்தது.

ஆனாலும் எட்டு நாள் நான் அவனோடு பேசவில்லை. என் குச்சியை என் வீட்டு அடுப்பில் போட அவன் யார்?

என்னோடு பேசாமலே அவன் வேலையை ஆரம்பித்துவிட்டான்.

சுரங்கத்துக்குள்ளே மெழுகுவத்தியைப் பாறையில் ஒட்டி நிறுத்த ஆளுக்கு ஒரு களிமண் உருண்டை கொண்டுபோகிறோம் இல்லையா... அதில் மீந்ததைப் பிசைந்து பலப்பத்தைச் சுற்றி வைத்தான். அவளுடைய மூன்று விரலையும் அதில் பதிய வைத்தான். அவள் அமுக்குகிற அமுக்கல் எல்லாம் மண்ணோடு போனது. பலப்பம் உடையவில்லை.

சிலேட்டுக்கு முன்னால் தரையில் எழுத வைத்தான். தோளிலிருந்து கை அசைய, முறம் அகலத்துக்கு ஒரு ‘ட’. அதையே சின்னதாக்கி, சின்னதாக்கி...

ஒன்பதாம் நாள் என் வாசலுக்கு வந்தான். “ட முடிஞ்சிச்சி. அடுத்து சுளுவா எதுண்ணே?”

அவனுக்கு எழுத்தே தெரியாது. சுரங்க ஆபீஸில் சம்பளத்துக்குக் கட்டைவிரல் வைக்கிறவன். ‘ப’ என்று சொன்னேன். அப்படித்தான் மறுபடி பேச்சு வந்தது.

இரண்டு மாதத்தில் தன் பெயரைக் கோடு போட்ட மாதிரி எழுதினாள்.

அந்தப் பலப்பத்தோடு பள்ளிக்கூடம் போனாள். வாத்தியார் மண்ணைப் பிய்த்து வெளியே எறிந்தார். இது பள்ளிக்கூடமா, சட்டி பானை செய்கிற இடமா என்று கேட்டார். வெறும் பலப்பத்தால் எழுதச் சொன்னார். விரல் மறுபடி இறுகி, எல்லாம் பழையபடி கோணல்... பெயரை அடித்துவிட்டார்.

சவரி தன் லீவு நாளில் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வாத்தியாரிடம் அவளுக்காகக் கேட்கப் போனான். பிள்ளைகள் முன்னாலேயே வாத்தியார் கேட்டாராம்: “கைநாட்டு வைக்கிறவன் கையெழுத்துக்கு சிபாரிசா?”

திரும்பி வந்து என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். “நெசந்தானேண்ணே. ஆனா அவரும் வெரலப் பாக்கல.”

பிறகும் இரண்டு தடவை போனான். கடைசித் தடவை அங்கேயே இருமல் பிடித்துக்கொண்டது. வாசலில் குந்தினவனை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. இரண்டு பேர் தாங்கித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

நேற்று சாயந்திரம் பாயில் கிடந்தபடி, “பாப்பா பள்ளிக்கூடம் போச்சாண்ணே?” என்றான்.

போனாள் என்றேன். பொய்.

ஆகவே...

சவரியோடு ஷிப்டில் இறங்கினவர்கள் இன்று சாயந்திரம் நாலு மணிக்குச் சவப்பெட்டி தூக்க வர வேண்டும். ஆண்டர்சன்பேட்டைக் கல்லறை வரைக்கும், பாதியில் கழன்றுகொள்ளக் கூடாது.

பள்ளிக்கூடத்தை நடத்துகிற பாதிரியார் ஒருநாள் வகுப்பில் உட்கார்ந்து, சிலேட்டைப் பார்ப்பதற்கு முன்னால் பிள்ளைகளின் விரல்களைப் பார்க்க வேண்டும்.

எந்த வீட்டுப் பிள்ளைக்காவது எழுதும்போது கை வலித்தால், தாய்மார் அடிக்காமல் என்னிடம் அனுப்ப வேண்டும். களிமண் வைத்திருக்கிறேன்.

வாத்தியார் திங்கட்கிழமை வள்ளியம்மாவின் பெயரை மறுபடி எழுத வேண்டும். களிமண்ணோடு அவளை உட்கார வைக்க வேண்டும். மாட்டேன் என்றால் அந்த வாசலில் தினமும் நான் நிற்பேன். எனக்கு இருமல் இல்லை.

போய் வா, சவரி.