துரையின்ரை கழுத்து

எங்கடை துரையை ஆராவது குறைச்சுக் கதைச்சால் எனக்கு இண்டைக்கும் ஏறும். துரை எண்டால் மனிசன் இல்லை, சேவல். கழுத்தில ஒரு இறகு கிடையாது. வெயிலில வெந்த வெள்ளைக்காரன்ரை கழுத்து மாதிரிச் சிவப்பு. முன்பக்கம் மட்டும், நெஞ்சுக்குக் கொஞ்சம் மேல, கறுப்பா ஒரு குஞ்சம் இறகு, டை கட்டின மாதிரி. அதாலதான் துரை. பேர் வைச்சது நான். அப்ப எனக்கு எட்டு வயசு. ஆனா இப்ப இருக்கிற மூளையில முக்கால்வாசி அப்பவே வந்திட்டுது.

கோப்பாயில எங்கடை வளவுக்கும் ரீச்சர் மாமியின்ரை வளவுக்கும் நடுவில பனையோலை வேலி. ரீச்சர் மாமி மிசன் பள்ளிக்கூடத்தில இங்கிலீஸ் படிப்பிச்சவ. வீட்டில பால் மாதிரி வெள்ளைக் கோழியள் வளர்த்தவ. அது பொருளாதாரத் தடைக்காலம், கடையில ஒரு சாமானும் இல்லை. ஊரில ஆர் காய்ச்சலில விழுந்தாலும் மாமியின்ரை முட்டைதான் போகும். எனக்கு நெருப்புக்காய்ச்சல் வந்து எழும்பினதே அந்த முட்டையாலதானாம். அதால ரீச்சர் மாமி ஒண்டு சொன்னால் எங்கடை வீட்டில அதுக்கு அப்பீல் இல்லை.

வேலியில ஒரு பொட்டு இருந்தது, நாய் பூந்து பூந்து போட்ட ஓட்டை. துரை அதுக்குள்ளால போய்வாறது எனக்குத் தெரியும். நான் ஏன் சொல்லுவான்? மாமியிட்டையும் ஒரு வெள்ளைச் சேவல் நிண்டது, சும்மா வடிவுக்கு.

ஒரு புதன்கிழமை மாமியின்ரை கோழி பதினொரு குஞ்சு பொரிச்சுது. அதில ஆறுக்குக் கழுத்து மொட்டை. மாமி வேலிக்கு மேலால அம்மாவைக் கூப்பிட்டா.

"இஞ்சை பார் பிள்ளை, உங்கடை சேவலின்ரை வருத்தம் என்ரை குஞ்சுகளுக்குத் தொத்திட்டுது. இறகு கொட்டுற வருத்தம். உந்தச் சேவலை வைச்சிருந்தால் ஊர்க்கோழி முழுக்கச் சாகும், சொல்லிப்போட்டன்."

"ஐயோ ரீச்சர், நாங்கள் உடனை அலுவலைப் பாக்கிறம்."

அலுவல் என்னெண்டு குசினிக்குள்ள முடிவாச்சுது. வெள்ளிக்கிழமை மரக்கறி. சனிக்கிழமை துரை சட்டிக்குள்ள.

நான் குழறி அழுதன். "வருத்தமெண்டால் தாய்க்கோழிக்கு ஏன் தொத்தேல்லை?" எண்டு கேட்டன். கேள்வி சரிதானே? அம்மா அகப்பையைத் தூக்கினா. "ரீச்சருக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமோ? போய்த் தலையை இழு!"

தலை இழுக்கிறதும், அதுதான் சீப்பால வாரிக் கட்டுறது, எனக்கொரு பெரிய பிரச்சினை. என்ரை காது சுளகு. பள்ளிக்கூடத்தில பெடியள், "சுளகுக்காதி, அரிசி புடைச்சுத் தாடி" எண்டுதான் கூப்பிடுவாங்கள். ஒருக்கா பிலாக்காய்ப் பால் எடுத்துப் பூசி ரண்டு காதையும் தலையோடை ஒட்டிப் பாத்தனான். மயிரெல்லாம் சேந்து ஒட்டி, அம்மா அரைப்போத்தில் தேங்காயெண்ணெய் விட்டுக் கழட்டினவ. பேந்து ரட்டைப் பின்னலைக் காதுக்கு மேல இறக்கிக் கட்டப் பழகினன். இந்தக் காது உலகத்திலயே எனக்கு மட்டும் வந்த கெட்டகாலம் எண்டுதான் நினைச்சனான்.

அப்பா வெங்காயத் தோட்டக்காரன். விறைச்ச மனிசன், கனக்கக் கதைக்கமாட்டார். தோட்டத்திலயும் சரி, சந்தையிலயும் சரி, கலியாணவீட்டிலயும் சரி, காதுமூடச் சால்வையைத் தலையில சுத்திக் கட்டியிருப்பார். ஏனெண்டு நான் கேட்டதில்லை. அப்பா எண்டால் தலைப்பா, அவ்வளவுதான்.

அந்த மனிசன் வியாழக்கிழமை பின்னேரம், "நாளைக்குச் சுன்னாகத்துக்கு வெங்காயம் கொண்டுபோறன்" எண்டார். எனக்குள்ள பளிச்செண்டு அடிச்சுது. சுன்னாகத்தில பெரியம்மா! ஒண்டரை மாசத்துக்கு முதல் அடைவைக்க எண்டு எங்கடை கோழியின்ரை முட்டை ஒன்பது உமிச்சட்டிக்குள்ள வைச்சு அவவுக்குக் குடுத்தனாங்கள். முட்டைதான் போனது. துரை போகேல்லை. அங்கையும் மொட்டைக் கழுத்து வந்திருந்தால்?

"அப்பா, நானும் வாறன்."

"பள்ளிக்கூடம்?"

"துரையின்ரை உயிர்!"

அப்பா தலைப்பாவை இறுக்கிக் கட்டினார். "விடிய வெளிக்கிட்டு நில்" எண்டார்.

சைக்கிளில வெங்காயக் கடகம் பின்னுக்கு, நான் முன் பாரில. சந்தை முடிச்சு பெரியம்மா வீட்டுப் படலையைத் திறக்கவே அவ தொடங்கீட்டா.

"எடியே, கொம்மா என்ன முட்டையடி தந்துவிட்டவ? பொரிச்ச எட்டில நாலு கழுத்து மொட்டை! ஆனா சாப்பிடுற சாப்பாடு, ஐயோ, சட்டியையும் சேத்துக் கொத்துதுகள்."

நான் துள்ளின துள்ளலில பெரியம்மா பயந்துபோனா. நாலுக்கும் குட்டிக் குட்டி டை வேறை!

இப்ப கம்பசில விலங்கியல் படிச்சு ஆட்சியான பரம்பரை அலகு, அது இது எண்டு எழுதி மாக்ஸ் எடுக்கிறம். தேப்பன்ரை பக்கத்தால ஒண்டு வந்தாலே காணும், பிள்ளையின்ரை கழுத்தில தெரியும், பாதிக்குப் பாதி. நான் உந்த விசயத்தை எட்டு வயசில, பேர் தெரியாமலே, சுன்னாகத்தில ஒரு கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில குந்தியிருந்து பிடிச்சனான்.

ரண்டு குஞ்சைக் கூடைக்குள்ள வைச்சுக்கொண்டு வெளிக்கிட்டம். உச்சி வெயில். குஞ்சுகள் வாயைப் பிளக்குதுகள். அப்பா சைக்கிளை நிப்பாட்டினார், சால்வையை அவிழ்த்துக் கூடைக்கு மேல போத்தினார், திரும்ப மிதிச்சார். என்ரை காதை மூடின பின்னலும் காத்தில அவிழ்ந்து பறந்தது. நான் கவனிக்கேல்லை. வழியெல்லாம் ரீச்சர் மாமிக்குச் சொல்லப்போறதைப் பாடமாக்கினன்.

நேர மாமியின்ரை முற்றத்துக்குத்தான் போனம். அம்மாவும் ஓடிவந்தா. நான் கூடையை வைச்சன்.

"மாமி, இது சுன்னாகத்துக் குஞ்சு. துரை சுன்னாகம் போகேல்லை. அவனுக்குச் சைக்கிளும் ஓடத் தெரியாது."

மாமி கண்ணாடியைப் போட்டு ஒரு குஞ்சைத் தூக்கிப் பாத்தா. லேசில விடுற ஆளில்லை. "முட்டைக்குள்ளாலயும் வருத்தம் போகும் பிள்ளை."

"வருத்தமெண்டால் உப்பிடிச் சாப்பிடுமோ? துரைக்கு இருக்கிற அதே இடத்தில உதுகளுக்கும் டை இருக்கு, பாருங்கோ. வருத்தம் வந்து டை கட்டிவிடுமோ? இது தேப்பனிட்டையிருந்து வந்தது!"

மாமி நிமிந்து என்னைப் பாத்தா. பிறகு எனக்குப் பின்னால தலைப்பா இல்லாமல் நிண்ட அப்பாவைப் பாத்தா. திரும்ப என்னை. வாயைப் பொத்தினா, ஏலேல்லை, சிரிப்பு வந்திட்டுது.

"தம்பி, நீர் உந்தக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கவே தேவையில்லை. நீங்கள் ரண்டுபேரும் வந்து நிண்டிருந்தாலே காணும்."

அம்மா அப்பாவையும் என்னையும் பாத்துச் சிரிச்சுச் சிரிச்சு வேலியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா. மாமி, "சேவல் நிக்கட்டும், ஆனா பொட்டை அடையுங்கோ" எண்டா. நான் வெண்டிட்டன்! கெட்டித்தனத்துக்குத்தான் எல்லாரும் சிரிக்கினம் எண்டு நெஞ்சை நிமித்திக்கொண்டு நிண்டன்.

அப்பா குனிஞ்சு சால்வையை எடுத்தார். உதறினார். தலைக்குக் கொண்டுபோன கை, என்ரை காதைக் கண்டதும் அப்பிடியே நிண்டுது. பேந்து சால்வையைத் தோளில போட்டுக்கொண்டு, வெறுந்தலையோடை, ரோட்டால போற சனம் எல்லாம் பாக்க, என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு வீட்டை நடந்தார்.

சால்வையில குஞ்சு எச்சமடிச்சுப் போட்டுதாக்கும், அதுதான் கட்டேல்லை எண்டு நான் நினைச்சன்.