ஆள் ஏறினால் முன்பக்கம் எவ்வளவு அமரும்?

பைக்கில் வேறு வண்டியின் ஃபோர்க்கை, அதாவது முன் சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஸ்பிரிங் வைத்த இரட்டைக் குழாயை, மாட்டுவது அரை நாள் வேலை. மாட்டியதை ஓட்டுகிறவருக்குத் தக்கபடி அமர வைப்பதுதான் உயிரை வாங்கும். பிரேக் பிடித்ததும் தலைகுப்புறக் கும்பிடு போடுகிற வண்டியை ஓட்டி மணிக்கட்டு வலிக்கிறவர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

இன்டர் முதல் வருஷத்தோடு, உங்க ஊர் ப்ளஸ் ஒன்னோடு, படிப்பு போதும் என்று நின்றுவிட்டேன். திருச்சானூர் ரோட்டில் மோகன் அண்ணன் ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்க் வேலை முழுக்க என்னுடையது. சேரும்போதே அண்ணன் சொல்லிவிட்டார்: "மூணு வண்டில உன் தப்பு வந்தா, அப்புறம் ஃபோர்க் பக்கமே வராத." வீட்டில் நைனா காலேஜ் அப்ளிகேஷனை வாங்கி ஃப்ரிட்ஜ் மேல் வைத்துக்கொண்டு, நான் எப்போது மாட்டுவேன் என்று காத்துக்கினு இருந்தார்.

எழுபது கிலோ

ஸ்பிரிங் போடுவதற்கு முன்னாலேயே ஓட்டுகிறவரின் எடை தெரிய வேண்டும். ஒரு லாட்ஜ் மேனேஜருக்கு போன் போட்டுக் கேட்டேன். "எழுபது" என்றார். வண்டியை எடுக்க அவருடைய தம்பி வந்தான். குச்சி மாதிரி இருந்தான். அவனையே ஏற்றி உட்கார வைத்து, எவ்வளவு அமர்கிறது என்று அளந்து, கச்சிதம் என்று அனுப்பிவிட்டேன்.

மறுநாள் மேனேஜரே வந்தார். ஸ்பீட் பிரேக்கர் ஒவ்வொன்றிலும் முன்பக்கம் டங்கென்று இடிக்கிறதாம். ஆளைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, தொண்ணூற்றைந்துக்குக் குறையாது. "ஏன் சார் பொய் சொன்னீங்க?" என்று நேராகவே கேட்டேன். அவர் கொஞ்சமும் வெட்கப்படவில்லை.

"போன்ல ஒரு பொண்ணு எடை கேட்டா, வேற எப்படிம்மா சொல்றது?"

நகரி மூட்டை

அந்த அனுபவத்துக்குப் பிறகு ஓட்டுகிறவரையே ஏற்றித்தான் அளப்பது என்று வைத்துக்கொண்டேன். நகரியிலிருந்து வந்த பவர்லூம்காரரை ஹெல்மெட், செருப்போடு உட்கார வைத்து மூன்று தடவை அளந்தேன். என் வேலையைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

நாலாம் நாள் வந்து நின்றார். பெட்ரோல் டேங்க் மேல் அவர் நெஞ்சு உயரத்துக்கு ஒரு நூல் மூட்டை. ஃபோர்க் முழுக்க அமுங்கிக் கிடந்தது. தினமும் இப்படித்தான் போவாராம். "இத முன்னாடியே சொல்றதுக்கு என்ன?" என்று கத்தினேன். மனுஷன் நிதானமாக மூட்டையைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

"நீ என்னத்தான் உக்காரச் சொன்ன. மூட்டைய யாரு கூப்பிட்டாங்க?"

மோகன் அண்ணன் என்னைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார்.

ஸ்பேனரோடு ஒரு பக்தை

ரங்கன் அண்ணா திருமலையில் கைங்கர்யத்துக்குப் போகிறவர். ஹேண்டில் திரும்ப மந்தமாக இருக்கிறது என்றார். ஃபோர்க் குழாய்களை, அவற்றைக் கவ்விப் பிடிக்கிற மேல், கீழ் கிளாம்ப்புகளில் கொஞ்சம் மேலே ஏற்றினேன். "நாழியாயிடுத்தும்மா" என்று அவர் பறக்க, எனக்கும் பொறுமை இல்லை, அனுப்பிவிட்டேன். ஆலன் கீயைத் துடைத்து மாட்டும்போதுதான் உறைத்தது. மேல் கிளாம்ப் போல்ட்டை முடுக்கினேன், கீழ் கிளாம்ப்பை முடுக்கவே இல்லை. மலை இறக்கத்தில் அழுத்திப் பிரேக் பிடித்தால் குழாய் வழுக்கிக்கொண்டு மேலே போகும்.

போன் அடித்தேன், எடுக்கவில்லை. கோயிலுக்குள்ளே போன் கொண்டுபோகக் கூடாது, வெளியே வைத்துவிட்டுத்தான் போவார். இரண்டு மணிக்கு வேலை முடிந்தால் நேரே வண்டியை எடுத்து இறங்கிவிடுவார். மோகன் அண்ணன் பார்ட்ஸ் வாங்கச் சித்தூர் போயிருந்தார். கடை ஸ்கூட்டரை எடுத்தேன். மலையடிவாரத்தில் அலிபிரி செக்கிங்கில் என் பையைத் திறந்த காவலாளி, உள்ளே இருந்ததையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏமம்மா, எல்லாரும் தேங்கா தெஸ்தாரு, நூவு ஸ்பேனர் தெச்சாவா?"

மேலே

எல்லாரும் தேங்காய் கொண்டுவருகிற மலைக்கு ஸ்பேனர் கொண்டுவந்த காரணத்தைச் சொன்னதும் காவலாளி சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். பார்க்கிங்கில் ஒரே மாதிரி நூறு வண்டி. வரிசை வரிசையாகக் குனிந்து ஃபோர்க்கை மட்டும் பார்த்துக்கினு ஓடினேன். கடைசி வரிசையில் கிடைத்தது. குழாய் ஒரு பக்கம் நாலு மில்லிமீட்டர் ஏறியிருந்தது. முன்பக்கத்தைத் தூக்கி இரண்டையும் சமப்படுத்தி, கீழ் போல்ட்டுகளை முடுக்கிவிட்டு நிமிர்ந்தால், எதிரே ரங்கன் அண்ணா.

"யாரு நீ? என் வண்டிய என்ன பண்ணிண்டிருக்க?" என்று போட்ட சத்தத்தில் நாலு பேர் கூடிவிட்டார்கள். அப்புறம்தான் அடையாளம் தெரிந்தது. "போல்ட் முடுக்க மறந்துட்டேன்ணா. என் தப்புதான்" என்றேன். அவர் குனிந்து கீழ் போல்ட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"தப்புக்கு மன்னிப்பு கேக்க மலையேறி வர்றவா ஆயிரம் பேர், முடுக்க வந்தவள இன்னிக்குத்தான் பாக்கறேன்."

மூணு

சாயங்காலம் அண்ணன் வந்ததும் நானே சொன்னேன். ரங்கன் அண்ணா காட்டிக்கொடுக்க மாட்டார், தெரியும். ஆனாலும் சொன்னேன். அண்ணன் கோபப்படாமல், மண்ணெண்ணெய் டப்பாவையும் பிரஷ்ஷையும் என் கையில் கொடுத்தார்.

"மூணு ஆச்சி. செயின் கழுவு. உங்க நைனா கேட்டா, பொண்ணு ஃபோர்க்லதான் இருக்குன்னு நான் பொய் சொல்லிக்கிறேன்."

அந்தப் பொய்யையும் அவருக்கு மிச்சம் வைக்காமல் நைனாவிடம் நானே போய்ச் சொல்லித் தொலைத்ததில், ஃப்ரிட்ஜ் மேலிருந்த அப்ளிகேஷன் இறங்கி, இப்போது எனக்குக் காலையில் கெமிஸ்ட்ரி, சாயங்காலம் செயின்.