எலுமிச்சம்பழத்துக்கு பிரேக் போட்ட கார்

இந்த வாரம் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எழுதினால் என் வண்டவாளம் தெரிந்துவிடும். ஆனால் நான் எழுதாவிட்டால் ஜோசப் டாக்ஸி ஸ்டாண்டில் சொல்லிவிடுவான். அவன் சொல்வதைவிட நான் சொன்னால் கொஞ்சம் மரியாதை மிஞ்சும், இல்லையா?

ஜோசப்பும் நானும் நாகலூரில் பத்தாவது வரை ஒரே பெஞ்ச். அதற்குப் பிறகு அவன் ஸ்டீயரிங் பிடித்தான், நான் பேனா பிடித்தேன். இரண்டு பேரில் யாரை நம்பி மலை இறங்கலாம் என்று ஏற்காட்டில் யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் பதில் சொல்வார்கள். என் பெயரைச் சொல்ல மாட்டார்கள்.

போன வெள்ளிக்கிழமை அவன் புது டாக்ஸி எடுத்தான். கார் என்று சொல்வதே தப்பு... சக்கரம் வைத்த கம்ப்யூட்டர். முன் கண்ணாடியின் உச்சியில் ஒரு கேமரா. பம்பருக்கு நடுவில் ரேடார். எதிரே மாடு நின்றால் கத்தும். நாம் கவனிக்காவிட்டால் அதுவே பிரேக் போடும். கோட்டைத் தாண்டினால் ஸ்டீயரிங்கை மெதுவாக இழுத்துவிடும் — பக்கத்து சீட்டில் மாமியார் உட்கார்ந்திருப்பது மாதிரி. வீடு வந்து சேர்ந்த அன்றைக்கே, "அப்டேட் வந்திருக்கிறது, போடட்டுமா?" என்று கேட்டது. என்னை யாரும் இதுவரை அப்படிக் கேட்டதில்லை.

புது வண்டியை எங்கள் மலையில் சும்மா விடுவார்களா?

ஜோசப்பின் அம்மா சர்ச்சில் மந்திரித்த தீர்த்தம் தெளித்து, உள்ளங்கை அளவு சிலுவை ஸ்டிக்கர் ஒன்றைக் கண்ணாடியின் உச்சியில் நட்டநடுவே ஒட்டினார். "அந்த எடத்துல கருப்பா என்னமோ அசிங்கமா தெரிஞ்சுது கண்ணு. அதான் மறைச்சுட்டேன்" என்றார். ஸ்டாண்டு ஆட்கள் மட்டும் சளைத்தவர்களா? சேர்வராயன் கோயிலில் வைத்து எடுத்த எலுமிச்சம்பழத்தையும் பச்சை மிளகாயையும் கோத்து, பம்பருக்கு முன்னால் தொங்கவிட்டார்கள். ஒரு வண்டிக்கு இரண்டு சாமி காவல். எல்லாருக்கும் பரம திருப்தி.

வண்டியை மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் சவாரி. சவாரி என்றால் வெளியாள் இல்லை, ஜோசப்பின் அக்கா ஸ்டெல்லா. எஸ்டேட் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டே வருஷக்கணக்காக அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிறவர். வயது வரம்பு முடிகிறது. இதுதான் கடைசி வாய்ப்பு. சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சென்டர். ஒன்பது மணிக்கு கேட்டைச் சாத்தினால், அப்புறம் அழுதாலும் திறக்க மாட்டார்கள்.

நான் எதற்குப் போனேன்? வழித்துணைக்கு. சேலத்தில் தட்டுவடை செட் சாப்பிடும் யோசனையும் கொஞ்சம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஏற்காடு தாண்டி இறக்கம் ஆரம்பித்ததும் பனி மூட்டம் லேசாக வந்தது. ஸ்கிரீனில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ எழுத்து. "புது வண்டி, பேசிப் பாக்குது" என்று ஜோசப் விட்டுவிட்டான். ஒரு கொண்டை ஊசி வளைவைத் திரும்பியதும் சிவப்பு லைட், காதைக் கிழிக்கிற சத்தம் — சடக்கென்று வண்டி தானே நின்றது. அக்காவின் ஹால்டிக்கெட் பறந்து வந்து என் மடியில் விழுந்தது.

முன்னால் ஒன்றுமே இல்லை. பின்னால்தான் பஸ் இருந்தது. ஒரு முழம் தள்ளி நின்றது. டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"ஏனுங்க தம்பி, நடு ரோட்டுல நின்னு காபி குடிக்கிறீங்களா?"

"நான் நிறுத்தலீங்கண்ணா, வண்டி நிறுத்திப்போடுச்சு" என்றான் ஜோசப்.

"அப்ப வண்டிகிட்ட லைசென்ஸ் இருக்குதான்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸை ஒடித்துப் போனார்.

அடுத்த வளைவில் மறுபடியும் அதே சத்தம், அதே பிரேக். ஜோசப் வண்டியை ஓரங்கட்டினான். முகம் வெளுத்துவிட்டது. நாலு வருஷமாக இந்த இறக்கத்தில் ஹார்ன் அடித்து, லோ கியரில் உருட்டி, ஒரு கீறல் வாங்காதவன். அக்காவைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாமல் போய்விடுமோ என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஸ்டெல்லா அக்காதான் நிதானமாக இருந்தார். வரலாறு படித்து அலுத்துப்போன நேரத்தில், காரோடு வந்த புத்தகத்தை முழுசாகப் படித்திருக்கிறார். இந்தியாவிலேயே அந்தப் புத்தகத்தைப் படித்த ஒரே ஜீவன் அவராகத்தான் இருக்கும்.

"கேமரா மறைஞ்சிருக்குன்னு அப்பவே எழுதிக் காட்டியிருக்குது ஜோசப்பு. கண்ணு தெரியாததுனால ரேடாரை மட்டும் நம்பிப் போகுது. வளைவுல திரும்பும்போது அந்த எலுமிச்சம்பழம் ஆடுது பாரு, அதை என்னமோ குறுக்க வருதுன்னு நினைச்சுக்குது."

இறங்கிப் பார்த்தோம். பழம் அப்பாவியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இத்தனை லட்சம் போட்ட மூளையை, சந்தையில் கூறு கட்டி விற்கிற பழம் ஏமாற்றிவிட்டது. வண்டிக்கு நோவு எங்கேயிருந்தெல்லாம் வரலாம் பாருங்கள்!

சரி, அவிழ்த்தால் தீர்ந்தது. யார் அவிழ்ப்பது?

ஜோசப் என்னைப் பார்த்தான். நான் ஜோசப்பைப் பார்த்தேன். திருஷ்டிக்குக் கட்டியதை, அதுவும் பரீட்சை அன்றைக்கு, எவன் கழற்றுவான்?

"நீங்க கழட்டுங்க்கா. உங்களுக்குத்தான் நம்பிக்கை இருக்காதே" என்றேன்.

"நம்பிக்கை இல்லதான் சாமி. ஆனா இன்னைக்கு மட்டும் எதுக்கு வம்பு?"

நேரம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் அக்காவே வழி சொன்னார். "கண்ணு பின்னாலயிருந்தும் படுமில்ல? பின்னால கட்டு." பழம் பின் நம்பர் பிளேட்டுக்குக் குடிபோனது. சிலுவையை நகத்தால் பிய்க்காமல் உரித்து டாஷ்போர்டில் ஒட்டினோம். ஆரஞ்சு எழுத்து மறைந்தது. இரண்டு சாமிக்கும் இடமாற்றல், கோபித்துக்கொண்ட மாதிரித் தெரியவில்லை.

இப்போது வண்டி சமர்த்தாக இறங்கியது. ஆனால் பாதி மலையில் பனி திரண்டு வந்து கண்ணாடியில் அப்பிக்கொண்டது. பானெட்டே தெரியவில்லை. அப்போதுதான் அது நடந்தது.

மெதுவாக ஒரு பீப். ஸ்கிரீனில் ஸ்டீயரிங்கைப் பிடித்த இரண்டு கைகளின் படம். அக்கா கீழே இருந்த எழுத்தைப் படித்துச் சொன்னார். "எனக்குத் தெரியலை, நீயே ஓட்டிக்கோங்குது."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. நிஜமாகவே சொல்கிறேன்.

யோசித்துப் பாருங்கள். எங்கேயோ ஏசி ரூமில் உட்கார்ந்து ஒருத்தர் இதற்கு சாஃப்ட்வேர் எழுதியிருக்கிறார். நம்ம ஊர் எலுமிச்சம்பழத்தை அவர் பார்த்ததே இல்லை, அதில் கோட்டை விட்டார், சரி. ஆனால் கண் மறைகிற நேரத்தில் வண்டி என்ன செய்ய வேண்டும் என்று அவர் முடிவு பண்ணியாக வேண்டும். தெரிந்த மாதிரி நடித்துக்கொண்டே போ என்று எழுதியிருக்கலாம். பேசாமல் படுத்துக்கொள் என்றும் எழுதியிருக்கலாம். அவரோ, தெரியவில்லை என்று ஒத்துக்கொண்டு, தெரிந்தவன் கையில் கொடு என்று எழுதியிருக்கிறார். முகம் தெரியாத அந்த மனுஷருக்கு ஒரு கிலோ காபித்தூள் அனுப்ப ஆசை.

தெரிந்தவன் கை எப்படி என்கிறீர்கள்? ஜோசப் ஜன்னலை இறக்கினான். "கொஞ்ச நேரம் வாயை மூடுடா குமாரு" என்றான். மூடினேன். வளைவுக்கு வளைவு ஹார்ன் அடித்து, பதில் ஹார்னுக்குக் காதைக் கொடுத்து, லோ கியரில் உருட்டினான். பதற்றம் போன இடம் தெரியவில்லை. பனிக்குள் காது வைத்து ஓட்டினான் என்றுதான் சொல்ல வேண்டும். அடிவாரம் வந்ததும் வெயில் அடித்தது. கம்ப்யூட்டரும் கூச்சமில்லாமல் மறுபடி வேலையில் சேர்ந்துகொண்டது.

அஸ்தம்பட்டி தாண்டியதும் மேப் நேராகப் போகச் சொன்னது. அங்கேதான் நான் வாயைத் திறந்தேன்.

"மேப்பு கெடக்குது, லெஃப்ட்ல போடா. சேலம் எனக்கு அத்துப்படி."

லெஃப்ட்டில் போனோம். தெரு முழுக்கச் சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஜோசப் ரிவர்ஸ் எடுத்தான். அக்கா கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். ஜெபமாகத்தான் இருக்க வேண்டும், என்னைத் திட்டியதாகவும் இருக்கலாம். பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வாட்ச்மேன் கேட்டில் கை வைத்துவிட்டார். அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார். கடைசி ஆளாக உள்ளே நுழைந்தார். பின்னாலேயே கேட்டைச் சாத்தினார்கள்.

அவர் வெளியே வரும்வரை எனக்குத் தட்டுவடை செட் இறங்கவில்லை.

"எப்படிங்க்கா எழுதுனீங்க?"

"நல்லாத்தான் சாமி எழுதியிருக்கேன். நாலு கேள்விக்கு மட்டும் தெரியலை. அதுக்கு 'விடை தெரியவில்லை'ன்னே தனியா வட்டம் இருக்குது. அதையும் கருப்படிச்சுட்டுத்தான் வந்தேன்."

பரீட்சைக்காரர்களுக்கே தெரிந்திருக்கிறது பாருங்கள்! தெரியவில்லை என்பதும் ஒரு பதில்தான் என்று. அக்காவிடம் அந்தத் தைரியம் இருக்கிறது, காரிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். திரும்பி மலை ஏறும்போது இதையெல்லாம் ஜோசப்பிடம் நீட்டி முழக்கினேன். "நொம்பப் பெரிய விஷயம்டா இது. ஒரு மெஷினுக்குத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்ற புத்தி இருக்குது பாத்தியா?"

ஜோசப் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், ரொம்ப மரியாதையாகச் சொன்னான்.

"ஆமாங்க குமாரு... அடுத்த தடவ லெஃப்ட்டுன்னு சொல்றதுக்கு முன்னால நீங்களும் ஒரு பீப் அடிச்சிருங்க."