என் ஓட்டு வெளியே நின்ற நாள்

என் வீட்டுக்காரரின் பெயரைச் சபைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். திருவனந்தபுரத்தில் எங்கள் தமிழ்ச் சபையிலேயே ஞானஸ்நானம் பெற்று, அங்கேயே என் கையைப் பிடித்தவர். குடி கிடையாது, வம்பு கிடையாது. விழிஞ்ஞம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார், ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்ட். மாதத்தின் முதல் ஞாயிறு நடக்கும் திருவிருந்தில் ஒரு வருடம் சேராதவரின் பெயர் நீங்கிவிடும் என்பது எங்கள் திருச்சபை விதி. கப்பல் வரும் நேரம் விதிக்குத் தெரியுமா?

"பேரில்லாத எடத்துல எனக்கென்ன சோலி?" என்றார். அதோடு வீட்டு ஜெபத்துக்கும் உட்காரவில்லை. நானும் மகளும் பாடும்போது எழுந்து மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்வார். கல்யாணமாகி இருபது வருடத்தில் அப்படி ஒரு தனிமை எனக்கு வந்ததில்லை. அழாத நாளில்லை.

சென்ற லெந்து நாட்களுக்கு, அந்த நாற்பது நாள் தவக்காலத்துக்கு, சற்று முன் ஒரு வழி தெரிந்தது. வாரநாளில் திருவிருந்து எடுத்தாலும் போதும் என்று விதியைத் திருத்த மகாசபை தீர்மானித்தது. ஆனால் ஏழு வட்டாரச் சங்கங்களில் ஐந்து அதை ஏற்க வேண்டும். நான்கு ஏற்றன, இரண்டு மறுத்தன. கடைசி எங்கள் சங்கம். அதில் பெண்கள் ஐக்கியத்தின் பிரதிநிதி நான்.

சங்கத்தின் காரியதரிசி ஞானமுத்து சார், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். விதிப்புத்தகம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஞாயிற்றுக்கிழமை விதியைத் தளர்த்தினால் நாளை கோயிலே காலியாகும் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். "ஆண்டவரே, அந்த வாயைக் கட்டும்" என்று லெந்தின் நாற்பது நாளும் ஜெபித்தேன். உள்ளதைச் சொல்கிறேன், அவர்மேல் எனக்கு அவ்வளவு கோபம்.

ஒரு சனிக்கிழமை காலையில் ஓட்டு. எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தீர்மானத்தால் தன் வீட்டுக்கு நன்மை வருமென்றால், அந்தப் பிரதிநிதி ஓட்டெடுக்கும்போது வெளியே போய்விட வேண்டும். யாரும் அனுப்பமாட்டார்கள், தானே எழுந்து போகவேண்டும். பலர் போவதில்லை. நான் எழுந்தபோது பக்கத்திலிருந்த அக்கா சேலையைப் பிடித்து இழுத்தார். இருந்தாலும் மனசாட்சி விடவில்லை. வராந்தாவில் ஜன்னலோரம் போய் நின்றேன்.

சங்கத்தில் மொத்தம் முப்பது பேர். இருபது பேராவது தீர்மானத்துக்கு ஆதரவாக எழுந்து நிற்க வேண்டும். சார் எண்ணினார். பத்தொன்பது.

என் ஒரு ஓட்டு, அது வராந்தாவில் நிற்கிறது. என் கையாலேயே கெடுத்துக்கொண்டேனே என்று சுவரைப் பிடித்துக்கொண்டேன். "ஆண்டவரே" என்பதற்குமேல் ஜெபம் வரவில்லை.

சார் அந்த எண்ணைத் தாளில் எழுதினார். பிறகு நாற்காலியை விட்டு எழுந்தார்.

"என்னையும் சேத்தா இருபது," என்றார். "இதை எதுத்தவன்தான் நான். விதியைத் தளத்தினா ஆளு ஏமாத்தும்னு பயம். ஆனா அந்தப் பிள்ளை சொந்த வீட்டுக் காரியத்துல வெளிய போய் நிக்குது. இப்படி ஆளு உள்ள சபையில விதி கொஞ்சம் தளந்தா ஒண்ணும் கெட்டுப்போகாது, அல்லே?"

கட்டச் சொல்லி நான் கேட்ட வாயைத் திறந்து கர்த்தர் எனக்குப் பதில் தந்தார். எத்தனையோ வருடம் பிடித்த பிடியை எல்லார் முன்னும் விட எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! கூட்டம் முடிந்ததும் அவரிடம் போய் என் ஜெபத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அதே ஜெபத்தைத் தன் மனைவியும் பல வருடமாகச் செய்து வருவதாகச் சொல்லிச் சிரித்தார்.

மறுநாள் சாயங்காலமே எங்கள் வீட்டுக்கு வந்து, பெயரைத் திரும்ப எழுத மனு கொடுக்கும்படி என் வீட்டுக்காரரிடம் சொன்னதும் அவர்தான். விதி நடப்புக்கு வந்த முதல் வியாழக்கிழமைத் திருவிருந்துக்கு என் வீட்டுக்காரர் வேலைச் சட்டையோடு வந்து முழங்காற்படியிட்டார். பக்கத்தில் சார். இப்போது எங்கள் வீட்டு ஜெபத்தில் வேதத்திலிருந்து சங்கீதம் வாசிப்பது என் வீட்டுக்காரர்தான்.

பிரியமானவர்களே, யாருக்கு விரோதமாக நீங்கள் முழங்காலில் நிற்கிறீர்களோ, அவருக்காகவும் ஒரு வார்த்தை ஜெபியுங்கள். நியாயமானதைச் செய்துவிட்டு, பயப்படாமல் வெளியே நில்லுங்கள். உள்ளே கர்த்தர் இருக்கிறார்.