முழங்கால் உயரக் கோடு

அந்த மின்கம்பத்தில் என் முழங்கால் உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு இருந்தது. கூடுவாஞ்சேரியைத் தாண்டி, ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் கம்பெனி மனை போட்டிருந்த இடம். அங்கே மனை காட்டும் வேலையில் நானும் ஓர் அக்காவும் இருந்தோம். வருகிறவர்களுக்கு நான் பூங்கா வரப்போகும் இடத்தைக் காட்டுவேன். அக்கா கோட்டைக் காட்டுவார். போன மழைக்குத் தண்ணீர் நின்ற அளவு அது. "மே மாசத்துல எல்லா மனையும் அழகாத்தான் சார் இருக்கும். ஐப்பசி மழையில ஒருவாட்டி வந்து பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க" என்பார். விற்க வந்தவர் பேசுகிற பேச்சா இது என்று நான் கிண்டல் செய்வேன்.

அக்கா ஒன்றும் சாமியார் இல்லை. மேடான மனைகளை என்னைவிட நன்றாக விற்பார். தாம்பரத்துக்கு பஸ்ஸில் திரும்பும்போது ஒருநாள், "எதுக்குக்கா இந்த வம்பு?" என்று கேட்டேன். "விக்கறதுதான்டா நம்ம வேலை. ஆனா அவங்க வூடு கட்டி குடிவந்தப்புறமும் நான் இதே ரோட்ல போவணும்ல?" என்றார். ரோட்டுக்கா பஞ்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஆசிரியர் தம்பதி, பள்ளத்து மனையைக் கிட்டத்தட்ட முடிவு செய்துவிட்டுக் கோட்டைப் பார்த்ததும் கிளம்பிப் போனார்கள். மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு வெள்ளை பெயின்ட் டப்பாவைக் கொடுத்தார். "கம்பத்துக்கு அடிச்சு விடுப்பா, பளிச்சுனு இருக்கும்" என்றார். கறை என்ற வார்த்தையை இருவருமே சொல்லவில்லை. இடுப்பளவுக்கு நன்றாகவே அடித்தேன்.

அக்கா வந்து கம்பத்தைத் தொட்டுப் பார்த்தார். விரலில் பெயின்ட் ஒட்டியது.

"நீயாடா அடிச்ச?"

"மேனேஜர் சொன்னாருக்கா."

"அவர் சொன்னாரு, சரி. அடிச்சது நீதானே?"

அந்த வாரமே அக்கா வேலையை விட்டுவிட்டார். வீட்டில் கஷ்டம், அதனால் நான் விடவில்லை என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். அப்பாவின் சம்பளம் வந்துகொண்டுதான் இருந்தது. எனக்கு மேனேஜர் நாற்காலிமேல் ஆசை, அவ்வளவுதான். பள்ளத்து மனையை அடுத்த மாதமே ஒரு குடும்பத்துக்கு விற்றேன், பிறகு நாற்காலியும் கிடைத்தது. அக்கா காட்டாங்குளத்தூரில் ஒரு மாணவியர் விடுதியில் வார்டனாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன். வண்டியில் பத்து நிமிடம்தான். போய்ப் பார்க்க எனக்கு முகம் இல்லை.

போன மாதம் ஆபீசில் ஒரு பயிற்சி வகுப்பு. உங்களை இந்த வேலையில் நிறுத்தி வைத்திருக்கும் விழுமியம் எது என்று மஞ்சள் சீட்டில் எழுதச் சொன்னார்கள். நேர்மை என்று எழுதினேன். கைதட்டினார்கள். அந்தச் சீட்டு சட்டைப் பையிலேயே கிடந்து உறுத்தியது.

இந்த வாரம் மழை விடாமல் பெய்தபோது பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு அந்த இடத்துக்குப் போனேன். நான் அடித்த வெள்ளைமேல் புதிய கோடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. பக்கத்தில், நான் விற்ற பள்ளத்து மனையில் கட்டியிருந்த வீட்டுச் சுவரிலும் அதே உயரத்தில். வாசற்படியில் வாளியோடு நின்ற அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. அவர் திட்டுவார் என்றுதான் நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"வாங்க சார்" என்று சிரித்தார். "வித்ததோட மறந்துடுவாங்கன்னு சொல்வாங்க. மழையில எங்களப் பாக்க நீங்க ஒருத்தராவது வந்தீங்களே."

கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் முழங்காலைத் தொட்டிருந்தது.