மதுரைய ஒழிச்ச மேக்ரோ

இன்னைக்கு எங்க காலேஜ் லைப்ரரில...

(ரெட்டியார்சத்திரம் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கெடக்கு. பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ப்ரௌசிங் சென்டர்ல ஒக்காந்து அடிக்கிறேன்.)

நான் இங்க டெம்பரரி. புக்கு விவரத்த எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துறதுதான் வேலை. இன்னைக்கு வர்ற இன்ஸ்பெக்‌ஷன் கமிட்டி ஓகே சொன்னா பர்மனன்ட் பண்ணிரலாம்னு பிரின்சிபால் சார் சொல்லிருந்தாரு.

சும்மா இருந்திருக்கலாம். நான் இருக்கமாட்டேனே!

எங்க கேட்டலாக் சாஃப்ட்வேர்ல மேக்ரோன்னு ஒண்ணு இருக்கு. திரும்பத் திரும்ப செய்யிற வேலைய ஒரே பட்டன்ல முடிச்சிரும். 'வெளியிட்ட ஊர்' கட்டத்துல சோம்பேறித்தனமா 'மது'ன்னு அடிச்சு வச்சா 'மதுரை'ன்னு மாத்திர்ற மேக்ரோ என் சொந்தத் தயாரிப்பு. (பெருமைய பாருங்க.)

நான் மேக்ரோவுக்கு வச்ச பேரெல்லாம் புதுசு, புதுசு2, கடைசி, நெஜமா கடைசி. கமிட்டி பாத்தா அசிங்கம்னு நேத்து எல்லாத்தையும் ஃபோல்டர் போட்டு அடுக்குனேன். எந்த ஃபோல்டர்ல இருக்கோ அந்தக் கட்டத்துலதான் மேக்ரோ ஓடும். அடுக்குற வேகத்துல மதுரை மேக்ரோ 'ஊர் மட்டும்' ஃபோல்டருக்குப் போகாம 'எல்லாக் கட்டமும்' ஃபோல்டருக்குப் போயிருச்சு.

காலைல வந்ததும் பட்டன ஒரே அமுக்கு.

கமிட்டி தலைவர் மதுரைக்காரரு, ரிட்டயர்டு புரொபசர். எங்க ஊரப் பத்தி என்ன வச்சிருக்கீங்கன்னு 'மதுரை'ய தேடச் சொன்னாரு.

மொத புக்கு: மதுரை ஒழிப்பு.

அடுத்தது: மதுரை என்னும் அரக்கன்.

அதுக்கடுத்தது: மதுரை இல்லாத வீடு.

"திண்டுக்கல்காரங்களுக்கு எங்க மேல இம்புட்டு கோவமாம்மா?"ன்னாரு.

பிரின்சிபால் சார் மூஞ்சி வெளிறிப்போச்சு.

அதெல்லாம் மது ஒழிப்பு புக்கு சார், மேக்ரோ தப்பா ஓடிருச்சுன்னு ஒளறிக்கிட்டே, 'மதுரை'ய 'மது'ன்னு திருப்புற மேக்ரோ ஒண்ண அங்கனயே எழுதி ஓட்டிவிட்டேன்.

எந்த ஃபோல்டர்ல வச்சேன்? கேக்கணுமா!

நெலமைய சமாளிக்க, தலைவர் சார் எழுதுன புக்கையே வாங்கி வச்சிருக்கோம், அத காட்டும்மான்னு பிரின்சிபால் எடுத்துக் குடுத்தாரு. நானும் தலைவர் பேர அடிச்சேன்.

அவரு எழுதுன புக்கு 'என் மதுரை நாட்கள்'.

ஸ்கிரீன்ல வந்தது 'என் மது நாட்கள்'.

(வெளியிட்ட ஊரும் மது.)

வேலை போச்சுன்னே முடிவு பண்ணிட்டேன், அழுகையே வந்துருச்சு.

அவரு இன்னொரு தடவ படிச்சாரு. அப்புறம் என் பக்கம் குனிஞ்சு, ரகசியம் மாதிரி ஆனா எல்லாருக்கும் கேக்குறாப்புல கேட்டாரு.

"இது என் வீட்டுக்காரிக்கு மட்டும்தான் தெரியும்னு நெனச்சேன். ஒனக்கு யாரும்மா சொன்னா?"

கமிட்டி மொத்தமும் வயித்தப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சிருச்சு. பிரின்சிபால் கடைசியாத்தான் சிரிச்சாரு, ஆனா சிரிச்சுட்டாரு.

வேலை பர்மனன்ட் மக்களே! ஒரே கண்டிசன், இனி மேக்ரோ பக்கமே போகக்கூடாது. எல்லாத்தையும் கையால திருத்தணும்.

அங்கதான் சிக்கல். 'மது வரலாறு'ன்னு ஒரு புக்கு வந்து நிக்கிது. இது எங்க பக்கத்து ஊரா, சரக்கா? என்ன நெனைக்கிறீங்க?